காரண அறையில் சொன்னது

கேள்வி முழுசாக வந்து முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவார். அதுவும் யாரிடம்? தொலைக்காட்சிப் பெட்டியிடம். அக்கா வீட்டுக் கூடத்தில், சோபாவின் இடது ஓரத்தில் சாய்ந்துகொண்டு, திரையில் திருதிருவென்று விழிக்கிற போட்டியாளருக்கு ஆழமான ஏரி எது, நிலவின் குறுக்களவு எவ்வளவு என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிற வேலை. புதுக் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்ப்பதற்கென்று கடை மேசையில் ஒரு பழைய கலைக்களஞ்சியம் கிடக்கும். வாடிக்கையாளர் அதில் இரண்டு வரி படிப்பார். மீதியை இவர் படித்துவிடுவார். முதலாளி தொகுதிகளை மாற்றி மாற்றி வைத்ததில் மனுஷனுக்கு உலகமே மனப்பாடம். ஐந்தாம் தொகுதி மட்டும் எப்போதோ காணாமல் போய்விட்டது. அதிலிருந்து எதைக் கேட்டாலும் பேந்தப் பேந்த விழிப்பார்.

இத்தனை பதில் தெரிந்தவருக்கு ஒன்றே ஒன்றுதான் வராது. யாரிடமும் எதையும் கேட்க வராது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரட்டும் என்று இவர் காத்திருந்தார். இவரிடமிருந்து பதில் வரட்டும் என்று அந்தப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு இந்நேரம் பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கும். இவருக்கு ஐம்பத்தொரு வயதாகிவிட்டது. அக்கா, அத்தான், அக்கா மகள் ஆகிய மூவருக்கு நடுவே ஓர் அறை, ஒரு கட்டில், சோபாவின் இடது ஓரம் என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

“பெட்டிக்குப் பதில் சொல்லிச் சொல்லி உங்க தொண்டைத் தண்ணிதான் வத்துது மாமா. நேர்ல போய்ச் சொல்லுங்க” என்று அக்கா மகள்தான் அவருக்குத் தெரியாமல் ‘யார் வெளியே?’ நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள். தேர்வானது தெரிந்ததும் கண்ணாடிக்காரர் இரண்டு நாள் பெட்டியைப் போடவேயில்லை.

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லவேண்டும். எட்டுப் பேர் அரைவட்டமாக நிற்பார்கள். வரிசையாகக் கேள்விகள் வரும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், யார் வெளியே போகவேண்டும் என்று ஆளுக்கொரு பலகையில் எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டவேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, நிற்கிற வேனில் ஏறி நேரே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் போனபிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் ‘காரண அறை’க்குள் போவார்கள். கறுப்புத் துணி தொங்கவிட்ட ஒரு சின்ன மறைப்பு அது. உள்ளே ஒரு முக்காலி, ஒரு கேமரா. இன்னாரை ஏன் எழுதினேன் என்று அங்கே சொல்லவேண்டும். சொன்னது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒளிபரப்பாகும்போதுதான் தெரியும். பாதி ஊர் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதே அதற்காகத்தான். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்!

இன்னொரு விதியும் உண்டு. கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாதென்று யாரும் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது. கைபேசியை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டு, சட்டையில் தொழிலை எழுதிய ஓர் அட்டையைக் குத்திவிடுவார்கள். இவருக்குக் ‘கண்ணாடிக்காரர்’. வலது பக்கம் நின்ற பெண்ணுக்கு ‘ரயில்வே’.

ரயில்வே என்றதும் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்தார். இல்லை. ரயிலில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிறதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிற தொலைந்த பொருள் அலுவலகத்தில், கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காருகிறவள். நாற்பத்தொன்பது வயது. கணவர் இறந்து ஏழு வருடம். ஒரே மகன் வெளிநாட்டில். இதெல்லாம் பகல் சாப்பாட்டின்போது அவளாகச் சொன்னது. இவர் கேட்கவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

வாய்விட்டுப் பேசும்போது கண்ணாடிக்காரர் ‘அந்தம்மா’ என்பார். மனசுக்குள் அன்று மத்தியானத்திலிருந்தே ‘அவள்’தான். நாமும் அவர் மனசுக்குள் இருந்துகொண்டே பார்ப்பதால் அவள் என்றே வைத்துக்கொள்வோம்.

“செருப்பு, குடை, பல் செட்டு எல்லாம் வரும்” என்றாள் அவள். “கல்யாண ஆல்பம் ஒண்ணு வந்து ரெண்டு வருஷமாச்சு. யாரும் கேட்டு வரல. தொலைச்சாங்களா, வேணும்னே விட்டுட்டுப் போனாங்களா, தெரியல. தெனம் ஒரு தடவை புரட்டிப் பாப்பேன். இப்ப அந்தச் சொந்தக்காரங்க எல்லாரும் எனக்கும் சொந்தம் மாதிரி ஆயிட்டாங்க.”

அவள் கண்ணாடி இடது பக்கம் சாய்ந்திருந்தது. பேச்சில் தைரியம் வராதவருக்குத் தொழிலில் மட்டும் தைரியம் உண்டு. “அதைக் கழட்டுங்க” என்றார். மூக்குப் பட்டையை நகத்தால் மெல்ல அழுத்தி, காதுக் கம்பியை ஒரு நெளிவு நெளித்து, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தவள் சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தாள்.

“அடடே, இவ்வளவு நாளா உலகம்தான் கோணல்னு நெனச்சேன். எங்க ஆபீஸ்ல நாப்பது அம்பது கண்ணாடி கெடக்கு. யாரோடது என்ன பவர்னே தெரியாது. ஒரு நாள் வந்து பாத்துச் சொல்லுங்களேன்.”

“வரேன்” என்றார்.

இதற்குள் அவர் வேறொன்றைக் கவனித்திருந்தார். அவள் வாய் ஓயாமல் எல்லோருக்கும் உறவு வைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் குமாஸ்தா அண்ணன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் தம்பி. நர்ஸ் தங்கச்சி. வங்கி அதிகாரிகூடப் பத்தாவது நிமிடத்தில் சாரிலிருந்து அண்ணனாகிவிட்டார். இவரை மட்டும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் இல்லை, சார் இல்லை. தேநீர் இடைவேளையில் தூரத்திலிருந்து அவள் கூப்பிட்டது இப்படித்தான்:

“ஏங்க... டீ ஆறுது பாருங்க.”

ஏங்க! தெருவில் வழி கேட்கிறவரும் ஏங்க என்றுதான் கேட்பார். பஸ்ஸில் காலை மிதித்தாலும் ஏங்க என்பார்கள். கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் வீட்டில் அக்கா அத்தானைக் கூப்பிடுவதும் ஏங்க என்றுதானே? முப்பது வருடமாக அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருகிற குரலை இவர் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல் ஒரு நாளும் இவரை நோக்கி வந்ததில்லை. இப்போது வந்தது. அந்த டீயை எப்படிக் குடித்தார், சர்க்கரை இருந்ததா, எதுவும் அவருக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பரிசும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெளியே அனுப்பிவிட்டால் வேனில் ஏற்றிவிடுவார்கள். அவளும் போகக் கூடாது, தானும் போகக் கூடாது, சாயங்காலம்வரை பக்கத்தில் நின்றால் போதும் என்று இருந்தது. நர்ஸ் போனாள், வங்கி அதிகாரி போனார், ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டே வந்து, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். குமாஸ்தா, அவள், இவர்.

குமாஸ்தா படு கெட்டிக்காரர். ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறவில்லை. அவரை வெளியே அனுப்பிவிட்டு மற்ற இருவரும் இறுதிச் சுற்றில் நிற்பதுதான் புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம். இவர் யோசிக்காமல் ‘குமாஸ்தா’ என்று எழுதினார். பலகைகள் திரும்பின. குமாஸ்தா இவரை எழுதியிருந்தார். அது நியாயம். அவள் பலகையிலும் ‘கண்ணாடி’ என்றிருந்தது.

‘கண்ணாடிக்காரர்’ என்று முழுசாகக்கூட எழுதவில்லை. அவள் தலையும் நிமிரவில்லை. தொகுப்பாளர் கைகொடுத்தார். பக்கத்துக் கதவு திறந்தது. வேனில் இவரைத் தவிர யாருமில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “கடைசி வரைக்கும் வந்துட்டீங்க போல, பரவாயில்லையே” என்றார்.

ஏன்? இதுதான் கேள்வி. எந்தத் தொகுதியிலும் இதற்குப் பதில் இல்லை. அவள் அந்தக் கறுப்புத் துணிக்குள் முக்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பாள். ஒளிபரப்புக்கு இன்னும் தொண்ணூற்று நான்கு நாள்.

நீங்களோ நானோ என்றால் மறுநாளே போய்க் கேட்டிருப்போம். ரயில் நிலையம் கடையிலிருந்து பஸ்ஸில் நான்காவது நிறுத்தம். வா என்று அவளே கூப்பிட்டும் இருக்கிறாள். கண்ணாடிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? நிகழ்ச்சிக்காரர்கள் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ‘ஒளிபரப்பாகும்வரை முடிவை எவரிடமும் வெளியிடலாகாது’ என்று ஒரு வரி. முடிவைத்தான் சொல்லக் கூடாது. அவளுக்குத்தான் முடிவு தெரியுமே! ஆனாலும் மனுஷன் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பயப்படுகிறவனுக்கு ஒரு வரி போதும்.

ஒரு தடவை போகவும் போனார். நிலையத்தின் பெரிய கூடத்தில் ‘தொலைந்த பொருட்கள்’ என்று அம்புக்குறி போட்ட பலகை இருந்தது. அம்பு காட்டிய பக்கம் ஏழெட்டு அடி நடந்தார். பிறகு, அவள் தன்னை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அத்தோடு போச்சு. அந்த ஒற்றை ‘ஏங்க’வும் கையை விட்டுப் போய்விடும். திரும்பிவந்து பஸ் ஏறிவிட்டார்.

கடையில் வேலை வேலையாக இல்லை. ஒரு டீச்சர் கண்ணாடியில் இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த டீச்சர் படியிறங்கும்போது காலை உயர உயரத் தூக்கிவைத்துத் திரும்பி வந்து, “தரையெல்லாம் பள்ளமா தெரியுது, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்று சத்தம் போட்டார். முப்பது வருடத்தில் நடக்காதது. முதலாளி இவர் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில் அக்கா விடுவாளா? அவளிடம் அந்த வரி செல்லுபடியாகுமா? மூன்றாவதாக வந்தேன் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டாலும், யாரோ ஒரு ரயில்வே அம்மா கடைசியில் கழுத்தறுத்துவிட்டாள் என்பதைக் கொக்கி போட்டு எடுத்துவிட்டாள். “எவளோ ஒருத்தி உன்னை வெளிய அனுப்பினா அனுப்பிட்டுப் போறா. அதுக்கு மூணு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையணுமா?” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் குரல்தான். டீ ஆறுது பாருங்க. அவ்வளவுதான் வைத்திருந்தார், அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் இப்படி ஏங்குவது அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததால் ஏக்கம் குறைந்துவிடவில்லை.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே அக்கா வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு வந்தார்கள். திரையில் கண்ணாடிக்காரர் தோன்றியதும் கைதட்டல். “சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேனே, எப்படிக் கசங்கிச்சு?” என்றாள் அக்கா. ஒவ்வொரு சுற்றாக நகர்ந்தது. நடுநடுவே சோப்பும் பற்பசையும் விற்றார்கள். காரண அறையில் நர்ஸ் இவரை ‘அழுத்தமான ஆள்’ என்று சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேர். பலகைகள் திரும்பின. ‘கண்ணாடி’. கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் ‘ச்சே’ என்றார்கள். திரையில் இவர் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறினார். தன் முதுகை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

“இந்தம்மாதானா அது? மூஞ்சியைப் பாத்தாலே தெரியல?” என்றாள் அக்கா.

கறுப்புத் துணி. முக்காலி. அவள் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

“குமாஸ்தா அண்ணனை அனுப்பிட்டு இவரை வச்சிருந்தா, கடைசி சுத்துல நானும் இவரும் நேருக்கு நேர் நிக்கணும். ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிக்கணும். குமாஸ்தா அண்ணன்கிட்ட தோத்தா எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவேன். இவரை ஜெயிச்சுட்டா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இவரோட பேசறது? இவரு தோத்தாலும் சங்கடம், நான் தோத்தாலும் இவருக்குச் சங்கடம். எனக்கு இந்தப் பரிசெல்லாம் வேணாங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறமும் எனக்கு அவரோட பேசணும்.”

அண்ணன் என்று சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் என்றும் சொல்லவில்லை. அவர். அக்கா அடுத்த வீட்டாரிடம் அத்தானைப் பற்றிச் சொல்கிற அதே ‘அவர்’.

அத்தான் எழுந்து சத்தத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு குமாஸ்தா ஜெயித்ததை யாரும் பார்க்கவில்லை.

அக்கா மகள்தான் முதலில் பேசினாள். “மாமா, அவங்க பேரு என்ன?”

“தெரியாது.”

“போன் நம்பர்?”

“தெரியாது.”

“எங்க இருக்காங்கன்னாவது தெரியுமா?”

“ஸ்டேஷன்ல. நாலாவது ஸ்டாப்பு.”

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “நாலாவது ஸ்டாப்பா! அட பாவி, மூணு மாசம் முழுசா...” மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “காலையில முதல் வேலையா கெளம்பு. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

மறுநாள் காலை அம்புக்குறி காட்டிய பக்கமாகவே நடந்தார். நீளமான தாழ்வாரத்தின் முடிவில் கம்பி போட்ட கவுன்ட்டர். பின்னால் கூரைவரை அடுக்கு. பெட்டிகள், குடைகள், ஒரு தையல் மெஷின். அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

“சொல்லுங்கண்ணே, என்ன தொலைஞ்சுது?”

பயந்துகொண்டிருந்த அதே சொல். தொண்ணூற்று நான்கு நாள் எந்தச் சொல்லுக்குப் பயந்து வெளியே நின்றாரோ அது வந்தேவிட்டது. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. ஆனால் வாயிலிருந்து, அவர் யோசிக்காமலே, ஒன்று வந்தது.

“அண்ணேன்னு கூப்பிடாதீங்க. என்னை மட்டும் அப்படிக் கூப்பிடாதீங்க.”

பேனா நின்றது. அவள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி குனிந்து, எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டாள்.

“நேத்துத்தான் பாத்தீங்களா?” என்றாள்.

“நேத்துத்தான். டிவியில போடட்டும்னு காத்திருந்தேன்.”

“நான் சொன்னதைக் கேக்கறதுக்கு டிவியில போடணுமா? இங்க வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. “முதல் மாசம் பூரா இந்தக் கவுன்ட்டருக்கு யாரு வந்தாலும் நிமிந்து பாத்தேன். குடை கேட்டு வந்தவன், பை கேட்டு வந்தவ, அத்தனை பேரையும். ரெண்டாவது மாசம் கழுத்து வலிச்சுது. விட்டுட்டேன்.”

கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மகன் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். மருமகளுக்குப் பிரசவ நேரம். இனி யாரு வரப்போறா, யாருக்காக இங்க உக்காந்திருக்கேன்னு போன மாசம் சரின்னுட்டேன். நீண்ட லீவு போட்டாச்சு. அடுத்த புதன்கிழமை கெளம்பறேன்.”

“எப்ப வருவீங்க?”

கேட்டுவிட்டார். அவரே கேட்டார்.

“ஒரு வருஷம்னு மகன் சொல்றான். குழந்தை நடக்கிற வரைக்கும்னு மருமக சொல்றா. குழந்தை என்ன சொல்லுதோ.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ரயில் போயிற்று. அவர் மனசுக்குள் திங்கள், செவ்வாய், புதன் என்று விரல் மடக்கினார். அந்தப் புதனுக்கு முன்னால் இன்றைக்கும் சேர்த்து ஒன்பது நாள். தொண்ணூற்று நான்கைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு ஒன்பதோடு நிற்கிறோமே என்று நினைத்தார். அழுகை வந்தது. இத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் அழுதால் நன்றாகவா இருக்கும் என்று பார்க்காமல் கொஞ்சம் அழவும் அழுதார்.

அவள் கவுன்ட்டரின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே இன்னொரு நாற்காலி இருந்தது.

“ஏங்க, கடைக்கு நேரமாகலையா?” என்றாள்.

கண்ணாடிக்காரர் கைபேசியை எடுத்து முதலாளிக்குப் போன் போட்டார். இன்றைக்கு வரமாட்டேன் என்றார். என்ன உடம்புக்கு என்று முதலாளி விசாரித்ததற்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை, அடுத்த புதன்கிழமைவரைக்கும் வரமாட்டேன் என்றார்.